வலிக்கிற கால் அம்மாவுக்கு, வலிக்காத கால் அப்பாவுக்கு: முத்துக்குளித்துறையில் மூன்று நாள்!

முத்துநகர் எக்ஸ்பிரஸ் தூத்துக்குடியில் நின்றதும் எல்லோரும் பையைத் தேடினார்கள். அம்மா மட்டும் செருப்பைத் தேடினார். இரவெல்லாம் ரயில் ஆடிய ஆட்டத்தில் அது நகர்ந்து நகர்ந்து எதிர் சீட்டுக்கு அடியில் போய்க் கிடந்தது. நான் குனிந்து எடுத்துக் கொடுக்கும் வரை அவர் காலைத் தரையில் வைக்கவே இல்லை.

"முதல் நாலு அடிதான் உயிர் போகும். அப்புறம் சரியாயிடும்."

ஒன்றரை வருடமாக எங்கள் வீட்டில் தினமும் காலையில் கேட்கும் வசனம் இது. குதிகால் வலி. குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை பாதத்தின் அடியில் ஓடும் ஒரு திசுப் பட்டை இருக்கிறது. அதில் வரும் பிரச்னையைத்தான் டாக்டர்கள் 'பிளான்டர் ஃபேசியைட்டிஸ்' என்கிறார்கள். ராத்திரி முழுக்க ஓய்வில் இறுகிக் கிடக்கும் அந்தப் பட்டை, காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் சுரீரென்று இழுபடும். உங்கள் வீட்டிலும் ஒருவருக்காவது இது இருக்கும்.

அப்பா அதற்குள் பிளாட்பாரத்தில் இறங்கி நின்றுவிட்டார். "என்னைப் பாரு. 62 வயசு, 14 வருஷமா சுகர். காலில் ஒரு வலி உண்டா?" இதுவும் வீட்டில் பல வருடமாக ஓடும் வசனம்தான்.

அம்மாவின் சொந்த ஊர் ஆறுமுகநேரி. இரண்டு வருடத்துக்கு முன்பு இதே ஊருக்கு வந்தபோது திருச்செந்தூரில் கோயிலுக்குள் போனதைத் தவிர மற்ற இடங்களில் எல்லாம் அம்மா காரிலேயே உட்கார்ந்திருந்தார். பிறந்த மண்ணை கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்பியதில் அவருக்குப் பெரிய மனக்குறை. இந்த முறை எப்படியாவது நடக்க வைத்துவிடுவது என்று ஒரு மாதத்துக்கு முன்பே செருப்பு வேட்டையைத் தொடங்கினேன்.

முதலில் செய்தது தப்பு. போனில் பார்த்து, நட்சத்திரக் குறிகளை நம்பி, மெத்தை மாதிரி பஞ்சு வைத்த ஒரு ஷூவை ஆர்டர் போட்டேன். கையில் அழுத்தினால் தலையணைபோல இருந்தது. அம்மா நான்காவது நாளே ஓரம் கட்டிவிட்டார். "மண்ணுக்குள்ள புதையுற மாதிரி இருக்கு. கால் பிடிமானமே இல்ல."

மிருதுவாக இருப்பது வேறு, தாங்குவது வேறு என்பதைப் பிறகு ஒரு பழைய செருப்புக்கடை அண்ணன்தான் புரியவைத்தார். நான் கொண்டுபோன ஷூவை வாங்கி, ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்கினார். முறுங்கியது. "இது ஆகாது தங்கச்சி" என்றார். பிறகு இரண்டு முனைகளையும் பிடித்து மடக்கிக் காட்டினார். நல்ல காலணி விரல்கள் மடங்கும் இடத்தில்தான் மடங்க வேண்டுமாம். நடுவில் மடங்கினால் பாதத்தின் வளைவுக்கு அங்கே தாங்கல் இல்லை. ஷூவாக இருந்தால் குதிகாலைச் சுற்றியுள்ள பின்சுவரைக் கட்டை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். அப்பளம்போல உள்ளே போனால் வேண்டாம். மாலையில் வாங்க வரச் சொன்னார். நாள் முழுக்க நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது அளவு பார்ப்பதுதான் சரியாம். இரண்டு காலையும் அளந்து, பெரிய காலுக்கு வாங்க வேண்டும். நின்று பார்க்கும்போது நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டை விரல் அகலமாவது இடம் வேண்டும்.

கடைசியில் அம்மாவுக்கு அமைந்தது ஷூ அல்ல, பின்னால் வார் வைத்த சாண்டல். குதிகால் உட்காரக் கொஞ்சம் குழிவு, வளைவுக்கு ஒரு மேடு, மேலே ஒட்டும் பட்டி. வீட்டுக்குள்ளேயே முதல் வாரம் தினமும் ஒரு மணி நேரம், அடுத்த வாரம் இரண்டு மணி நேரம் என்று போட்டுப் பழகினார். புதுச் செருப்போடு ஊருக்குக் கிளம்புவதைப்போல ஒரு தவறு கிடையாது.

அப்பாவுக்கும் ஒன்று பார்க்கலாமே என்றுதான் கூட அழைத்துப் போயிருந்தேன். "அவருக்கு சுகரா? அப்படின்னா முதல்ல டாக்டர்கிட்ட காலைக் காட்டிட்டு வாங்க" என்று கடைக்காரர் எடுத்த அளவை நிறுத்திவிட்டார். வியாபாரத்தை விட்டுக்கொடுத்த அந்த மனிதருக்கு இன்றுவரை நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பரிசோதனை இரண்டு நிமிடம்தான். ஒரு மெல்லிய நைலான் இழை. 10 கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்தது. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, உள்ளங்காலில் ஒவ்வோர் இடமாகத் தொட்டு, "தெரியுதா?" என்று கேட்டார்கள். அப்பா சில இடங்களில் "தெரியுது" என்றார். மூன்று இடங்களில் பேசாமல் இருந்தார். டாக்டர் இன்னும் தொடவே இல்லை என்று நினைத்துக் காத்திருந்திருக்கிறார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இழை வளைந்து நின்றது, அப்பா முகத்தில் ஒன்றுமே இல்லை.

இத்தனை வருடமாக அவர் பெருமையாகச் சொன்ன 'வலியே இல்லை'யின் அர்த்தம் அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோருக்கு நீரிழிவு இருக்கிறது. சர்க்கரை பல வருடம் கட்டுப்பாட்டில் இல்லாதபோது பாத நரம்புகள் மெல்ல மரத்துப்போகும். முள் குத்தினாலும், செருப்பு கடித்தாலும், சுட்டாலும் செய்தி மூளைக்குப் போவதில்லை. காயம் இருப்பதே தெரியாமல் அதன் மேலேயே நடந்துகொண்டிருப்பார்கள்.

மருத்துவ உலகத்துக்கு இதைப் புரியவைத்ததில் நம் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. செருப்புக் கடைகளில் 'எம்.சி.ஆர் செருப்பு' என்று கேட்டு வாங்குகிறோமே, அது மைக்ரோ செல்லுலார் ரப்பர் என்பதன் சுருக்கம். உள்ளே நுண்ணிய காற்றறைகள் நிறைந்த ரப்பர். வேலூர் சி.எம்.சி-யிலும், பக்கத்தில் உள்ள கரிகிரி மருத்துவமனையிலும் தொழுநோயாளிகளின் உணர்வற்ற பாதங்களைக் காக்கப் பயன்பட்டது இந்த ரப்பர்தான். அந்தப் பணியில் முக்கியமானவர் டாக்டர் பால் பிராண்ட். 1914-ல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். 1946-ல் வேலூருக்கு வந்தார். தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுகின்றன என்று உலகம் நம்பிய காலத்தில், வலி தெரியாததால் படும் காயங்கள்தான் காரணம் என்று காட்டினார். அந்தப் பாடம் பின்னாளில் நீரிழிவுப் பாதங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. மேலே மிருதுவான எம்.சி.ஆர், கீழே முள் ஏறாத கெட்டி அடிப்பாகம், எங்கேயும் ஆணி அடிக்காத தைப்பு. இன்றும் நீரிழிவுக் காலணியின் அடிப்படை இதுதான்.

அப்பாவுக்கு விரல் மூடிய, முன்பக்கம் அகலமான காலணி வாங்கினோம். இரண்டு விரலுக்கு நடுவே வார் போகும் செருப்பு அவருக்கு இனி ஆகாது. அந்த வார் உரசிப் புண்ணாக்கும். காலை விட்டு நழுவினாலும் தெரியாது. கூடவே வெள்ளைப் பருத்தி சாக்ஸ் நான்கு ஜோடி. வெள்ளை எதற்கென்றால், ரத்தக்கசிவு இருந்தால் உடனே கண்ணில் படும்.

இந்த ஏற்பாடுகளோடுதான் தூத்துக்குடியில் இறங்கினோம். மாமா கார் கொண்டுவந்திருந்தார். "என்ன அத்தான், பள்ளிக்கூடத்துப் புள்ள மாதிரி சூ போட்டு வந்திருக்கிய?" என்று வரவேற்பிலேயே அப்பாவின் முகத்தைச் சுருங்கவைத்தார்.

முதலில் பனிமய மாதா பேராலயம். அம்மா சிறுமியாக இருந்தபோது ஆச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு தேர்த் திருவிழாவுக்கு வந்த இடம். இந்த ஊரில் மாதா எல்லோருக்கும் மாதாதான். 1555-ல் மணிலாவிலிருந்து வந்த சொரூபம், 1713-ல் எழுந்த ஆலயம், 1982-ல் கிடைத்த பசிலிக்கா அந்தஸ்து என்று பெரிய வரலாறு. ஆகஸ்ட் 5 பெருவிழா. நாங்கள் போனது பங்குனியில் என்பதால் கூட்டமில்லை. வாசலில் அம்மா பட்டியை 'சர்ர்' என்று பிரித்துக் கழற்றினார். வரும்போது நின்றபடியே மாட்டிக்கொண்டார். அன்று ஒரு நாளில் மட்டும் ஒன்பது முறை கழற்றி மாட்டியதை எண்ணினேன். வெளிநாட்டு வீடியோக்களில் பரிந்துரைக்கும் லேஸ் ஷூக்கள் ஏன் நமக்கு ஒத்துவருவதில்லை என்பதற்கு வேறு காரணம் வேண்டாம். நம் சுற்றுலாவில் பாதி நேரம் வாசல்படியில் போகிறது.

அங்கிருந்து கடற்கரைச் சாலையில் நடந்தோம். பழைய துறைமுகம் இந்தப் பக்கம்தான். 1906-ல் வ.உ.சி தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி இங்கிருந்துதான் கொழும்புக்குக் கப்பல் விட்டது. ஊருக்குத் தெற்கே இருக்கும் பெரிய துறைமுகம் 1974-ல் வந்தது. கடலுக்குள் சுமார் 4 கிலோமீட்டர் நீளத்துக்கு இரண்டு கல் சுவர்கள் போட்டு உண்டாக்கிய செயற்கைத் துறைமுகம். அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது என்பதால் தூரத்தில் நின்று கிரேன்களைப் பார்த்ததோடு சரி. மீன்பிடித் துறைமுகத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை: தரை முழுக்க மீன் தண்ணீர். அடியில் நல்ல வரிப்பள்ளம் இல்லாத செருப்போடு போகாதீர்கள். மாமாவின் தேய்ந்த ரப்பர் செருப்பு ஒருமுறை வழுக்கியது. அதற்குப் பிறகு அவர் அப்பாவின் ஷூவைக் கிண்டல் செய்யவில்லை.

இந்தக் கரைக்கு முத்துக்குளித்துறை என்று பெயர் வாங்கிக் கொடுத்தவர்களுக்குக் காலணி என்ற பேச்சே கிடையாது. முத்துக்குளிப்பவர் கயிற்றில் கட்டிய கனமான கல்லின் மேல் ஒரு காலை ஊன்றிக்கொள்வார். மூச்சை அடக்கியதும் கல் அவரை நேராகக் கடலின் அடிக்குக் கொண்டுபோகும். சிப்பிகளைப் பையில் அள்ளிக்கொண்டு கயிற்றை அசைத்தால் படகில் இருப்பவர் இழுத்துவிடுவார். கொற்கையில் பாண்டியர் காலத்திலிருந்து நடந்த தொழில். அந்தக் கொற்கையே இன்று கடலை விட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே வயல்களுக்கு நடுவில் நிற்கிறது. பெரிய முத்துக்குளிப்பு கடைசியாக 1961-ல் நடந்தது. 1973-ல் இதே தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் சிப்பிக்குள் முத்து வளர்த்துக் காட்டினார்கள். இப்போது ஊரில் முத்து என்றால் ரயிலின் பெயரும் கடைகளின் பெயரும்தான். மாமாவிடம் கேட்டால், "முத்து போச்சு, மக்ரூன் இருக்குல்லா" என்பார். வாங்கினோம். அப்பாவுக்கு அரை மக்ரூன் மட்டும்.

ஆறுமுகநேரி போகும் வழியில் உப்பளத்தில் நிறுத்தச் சொன்னார் அம்மா. உப்பு உற்பத்தியில் நாட்டிலேயே குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பகுதி இந்த மாவட்டத்தில்தான் விளைகிறது. பாத்திகளில் வெள்ளை வெயில். கண் கூசி நிற்க முடியவில்லை. உப்பு சுமந்துகொண்டிருந்த ஓர் அக்காவின் பாதங்களைப் பார்த்தேன். வெடிப்புகளுக்குள் வெள்ளையாக உப்பு.

"பூட்ஸ் குடுக்கலையா அக்கா?"

"ஒரு மட்டம் குடுத்தாவ. உள்ள தண்ணி ஏறிட்டுன்னா அதுலயே ஊறி புண்ணாப்போவுது. வெறுங்காலுன்னா வீட்டுக்குப் போயி எண்ணெயாச்சும் தடவலாம்."

அவர் காலுக்கு ஏற்ற காலணியை யாராவது உட்கார்ந்து யோசித்துச் செய்தார்களா என்று தெரியவில்லை. என் கையிலிருந்த போனில் 'சிறந்த டிராவல் ஷூ 10' என்ற பக்கம் இன்னும் திறந்திருந்தது. மூடிவிட்டேன்.

இரண்டாம் நாள் திருச்செந்தூர். விடியற்காலையில் போவதாகத்தான் திட்டம். வெயில் ஏறுவதற்கு முன்பு தரிசனம் முடித்துவிட வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். ஆனால், சொந்தக்காரர் வீட்டில் இட்லி சாப்பிடாமல் கிளம்ப முடியுமா? போய்ச் சேர்ந்தபோது மணி 11.

காலணியைக் காப்பகத்தில் விட்டோம். அப்பா சாக்ஸையும் கழற்றினார். "சாக்ஸ் இருக்கட்டும்பா" என்றேன். "கோயிலுக்குள்ள சாக்ஸா? முருகன் முன்னால சட்டையே இல்லாம நிக்கணும், இதுல சாக்ஸ் என்ன சாக்ஸ்?" என்றார். நான் அழுத்திச் சொல்லவில்லை. அது என் தவறு.

தரிசனம் நிறைவாகவே முடிந்தது. வெளியே வந்து நாழிக்கிணறு பக்கம் போக வெயிலில் கொஞ்ச தூரம் கல் தரையைக் கடக்க வேண்டியிருந்தது. அம்மா இரண்டு அடி வைத்ததும் "அய்யோ, சுடுது சுடுது" என்று புடவையைத் தூக்கிக்கொண்டு நிழலுக்கு ஓடினார். குதிகால் வலிக்காரர் ஓடியதைப் பார்த்து நானும் மாமாவும் சிரித்துவிட்டோம். நானும் துள்ளிக்கொண்டேதான் வந்தேன். நிழலில் நின்று திரும்பிப் பார்க்கிறேன். அப்பா அதே கல் தரையில், கடலைப் பார்த்தபடி, ஆற அமர நடந்து வந்துகொண்டிருந்தார்.

"அப்பா, சீக்கிரம் வாங்க!"

"எதுக்கு ஓடுறீங்க? அப்படி ஒண்ணும் சுடலையே."

என் சிரிப்பு நின்றுபோனது.

அன்று இரவு மாமா வீட்டில் டார்ச் லைட் அடித்து அப்பாவின் பாதத்தைப் பார்த்தேன். வலது உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே, எட்டணா அளவுக்கு ஒரு கொப்புளம். உடையவில்லை. அப்பா குனிந்து பார்க்க முயன்றார், வயிறு இடித்தது. கண்ணாடியைக் கீழே வைத்துக் காட்டினோம். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "இது எப்ப வந்துச்சு?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலையிலேயே மருத்துவமனைக்குப் போனோம். கொப்புளத்தை நாமாக உடைக்காமல் வந்தது நல்லது என்றார் டாக்டர். சுத்தம் செய்து கட்டுப்போட்டார். ஆறும் வரை அந்தக் காலில் பாரம் விழக் கூடாது; தினமும் கட்டு மாற்ற வேண்டும்; சிவப்போ வீக்கமோ காய்ச்சலோ நாற்றமோ இருந்தால் அன்றைக்கே வந்துவிட வேண்டும். கோடையில் கோயில்களுக்குப் போய்வந்து இப்படிக் கொப்புளத்தோடு வருபவர்கள் அதிகம் என்றும் சொன்னார். கோயிலில் வெறுங்காலோடு நடப்பது நம் வழக்கம், அதை விட முடியாது. ஆனால், அதிகாலை நேரம் இருக்கிறது. நார் விரிப்பு போட்ட பாதை இருந்தால் அதில் மட்டும் நடக்கலாம். பருத்தி சாக்ஸ் போடலாமா என்று வாசலில் ஒரு வார்த்தை கேட்கலாம். கூட வருபவர் முதலில் தன் காலை வைத்துச் சூடு பார்க்கலாம். அந்த ஒன்றை நான் செய்திருந்தாலே போதும்.

உங்கள் வீட்டில் நீரிழிவு உள்ள பெரியவர்களோடு கிளம்புகிறீர்கள் என்றால், காலணி வாங்குவதற்கு முன்பு அந்த நைலான் இழைப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். காலணியைப் போடும் ஒவ்வொரு முறையும் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தக் கரையில் மணலும் உடைந்த சிப்பியும் எப்படியாவது உள்ளே வந்துவிடும். ராத்திரி படுக்கும் முன்பு விரலிடுக்கு உள்பட பாதம் முழுக்கப் பார்த்துவிடுங்கள். குதிகால் வலி மட்டும் உள்ளவர்களுக்கு இவ்வளவு பயம் வேண்டாம். அம்மா காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன்பே ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டித் தன் பக்கம் இழுத்துப் பிடிப்பார். மாலையில் ஐஸ் வைத்த தண்ணீர் பாட்டிலைக் காலடியில் உருட்டுவார். மூன்று நாளும் அதிலேயே சமாளித்தார்.

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குத் திரும்பலாம் என்றேன். அப்பா கேட்கவில்லை. "உங்க அம்மா மணப்பாட்டைப் பார்க்கணும்னுதானே வந்தா. நான் கார்லயே இருக்கேன்."

திருச்செந்தூரிலிருந்து குலசேகரன்பட்டினம் வழியாகத் தெற்கே போனால் மணப்பாடு. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல் குன்று. அதன் மேல் 1581-ல் கட்டிய திருச்சிலுவை ஆலயம். குன்றின் கடல் பக்கத்தில், 1542-ல் இந்தக் கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை. உள்ளே உப்புக் கரிக்காத ஒரு கிணறு. மேலே ஏறி நின்றால் ஒரு பக்கம் அலையடிக்கும் கடல், மறுபக்கம் அசையாத நீலத்தில் உப்பங்கழி. இந்த மாவட்டத்தில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் மணப்பாட்டைத்தான் சொல்வேன்.

அம்மாவுக்கு மணலில் நடக்கும் விதத்தை மட்டும் சொல்லிக் கொடுத்தேன். பொதபொத மணலில் குதிகால் புதைந்தால் அடிப்பாதம் அதிகம் இழுபடும். ஈரம் காயாத, இறுகிய மணலில் நடக்க வேண்டும். சாண்டலைக் கழற்றக் கூடாது. கேட்டுக்கொண்டு கிளம்பினார். மாமாவும் நானும் பின்னாலேயே போனோம். எங்கேயும் உட்காரவில்லை. சிறுமியாக வந்தபோது சிப்பி பொறுக்கிய இடம், ஆச்சி புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்த இடம் என்று காட்டிக்கொண்டே போனார். அவை நிஜமாகவே அந்த இடங்கள்தானா என்று மாமாவுக்கு சந்தேகம். "அக்கா, அப்ப இங்க கடலே இருந்துச்சு" என்றார். அம்மா பொருட்படுத்தவில்லை.

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பியபோது, அப்பா காரின் கதவைத் திறந்து வைத்து, கட்டுப்போட்ட காலை எதிரே ஒரு பை மேல் தூக்கி வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"குகை வரைக்கும் போயிட்டேன். கிணத்துத் தண்ணி இன்னும் அப்படியேதான் இனிக்குது" என்று சொல்லி, அம்மா அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாண்டலைக் கழற்றினார்.

அப்பா அதைக் கையில் வாங்கினார். உள்ளே விரலை விட்டு, குதிகால் குழியிலிருந்து நுனி வரை மெதுவாகத் தடவிப் பார்த்தார். பிறகு தலைகீழாகக் கவிழ்த்து மணலைத் தட்டிவிட்டுக் கொடுத்தார்.